இரும்புக் கைகள் கோத்த கதை



ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய் வருகிறவர்கள் நம் தோட்டங்களில் இன்று ஏராளம். வேலைக்குப் போகும் பிள்ளைகள், தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போகும் தாய்மார்கள், உறவு பார்க்கப் போகும் பெரியவர்கள் என்று எல்லாருக்கும் தேக்கா பழகிய இடம். அங்கே லிட்டில் இந்தியா நிலையத்தில் மின்படியில் இறங்கி, வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறியும் இருப்பீர்கள். 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி திறக்கப்பட்ட அந்தப் பாதையில் ஓடும் ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முன் கண்ணாடி அருகே நின்று சுரங்கப் பாதையை வேடிக்கை பார்க்கலாம். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள்.

ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுவதைக் கண்டு நாம் வியக்கிறோம். வியக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த ஆறு பெட்டிகளையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருப்பது எது என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு ரயில் நடுவழியில் நின்றுவிட்டால், இன்னொரு ரயில் வந்து அதைப் பிடித்துத் தள்ளிப் போகிறதே, அது எப்படி?

அதைச் செய்வது ஓர் இரும்புக் கை. ஆங்கிலத்தில் கப்ளிங் என்றும் கப்ளர் என்றும் சொல்வார்கள். நாம் இணைப்புக் கொக்கி என்று சொல்லலாம். பார்ப்பதற்கு அழகில்லாத பொருள்தான். ஆனால் இந்தக் கொக்கி தானாகப் பூட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்வதற்கு முன், எத்தனையோ தொழிலாளர்கள் தங்கள் விரல்களையும் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் நம்மைப் போல உடல் உழைப்பால் பிழைத்தவர்கள். அதனால்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

டேங்க் ரோட்டில் தொடங்கிய கம்பிச்சடக்கு

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள், டேங்க் ரோட்டில் உள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலைச் சென்று சேர்கின்றன. அந்த டேங்க் ரோட்டில்தான் ஒரு காலத்தில் சிங்கப்பூரின் ரயில் நிலையம் இருந்தது. 1903இல் அங்கிருந்து உட்லண்ட்ஸ் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது ஜொகூர் பாலம் கிடையாது. பயணிகள் படகில்தான் ஜொகூருக்குக் கடந்தார்கள். 1923இல் பாலத்தின் மீது ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் சிங்கப்பூரும் மலாயாவும் கம்பிச்சடக்கால் ஒன்றாயின.

1932ஆம் ஆண்டு மே மாதம் தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் நான்கு வெண்பளிங்கு உருவங்கள் நிற்கின்றன. ரப்பரும் ஈயமும் சரக்குப் பெட்டிகளில் ஏறித் துறைமுகம் போன காலம் அது. நம் பாட்டன்மார் வெட்டிய பால், உலர்ந்து ஷீட்டாகி, இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் பயணம் போனது.

தண்டவாளம் பதித்தவர்களிலும், அதைப் பராமரித்தவர்களிலும் நம் தமிழர்கள் பெருந்தொகையினர். இதற்குச் சாட்சியாக இன்றும் ஒரு கோயில் இருக்கிறது. குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தின் ஓரமாக 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். சாலைப் பணிக்காக அந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து, இப்போது காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாகப் பெரிதாக விளங்குகிறது. ஆபத்தான வேலை செய்கிறவன் காவல் தெய்வத்தைத் துணைக்கு அழைப்பது நம் வழக்கம். தோட்டத்து எல்லையில் முனியாண்டியை நிறுத்திய அதே மனம்தான் தண்டவாளத்து ஓரத்திலும் அவரை நிறுத்தியது.

தஞ்சோங் பகாரில் தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கு மேல் வழியில்லை. ஆகவே வடக்கேயிருந்து வந்த ரயிலைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால், முன்னால் இருக்கும் என்ஜினைக் கழற்ற வேண்டும். மறுமுனையில் என்ஜினைப் பூட்ட வேண்டும். சரக்குப் பெட்டிகளைப் பிரித்து, வேறு வரிசையில் சேர்க்கவும் வேண்டும். இதற்கு ஷண்டிங் என்று பெயர். ரயில் இருக்கும் ஊரிலெல்லாம் இரவும் பகலும் நடக்கிற வேலை. இந்த வேலையில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு மனிதன்

ஆரம்ப காலத்து ரயில்களில் பெட்டிகளைச் சங்கிலியாலோ, திருகுக் கொக்கியாலோ இணைத்தார்கள். அமெரிக்காவில் வளையமும் முளையும் வழக்கத்தில் இருந்தன. ஒரு பெட்டியில் நீண்ட இரும்பு வளையம் இருக்கும். எதிரே வரும் பெட்டியில் ஒரு குழி இருக்கும். பெட்டி உருண்டு வரும்போது, தொழிலாளி நடுவில் நின்று வளையத்தைக் கையால் தூக்கிக் குழிக்குள் செலுத்த வேண்டும். உடனே கையை இழுத்துக்கொண்டு, மேலிருந்து முளையைப் போட வேண்டும்.

கை ஒரு நொடி தாமதித்தால் விரல் போகும். கால் இடறினால் உயிர் போகும். மழை நாளில் இரும்பு வழுக்கும். இரவு வேலையில் விளக்கு வெளிச்சம் போதாது. வேலை கேட்டு வருகிறவனின் கையைப் பார்த்தாலே அவன் அனுபவசாலியா என்று தெரிந்துவிடும் என்று அங்கே சொல்வார்களாம். எப்படித் தெரியும்? விரல்கள் குறைந்திருந்தால் அவன் பழைய ஆள்!

எவ்வளவு கொடுமையான பேச்சு, பாருங்கள். விரல் போனதை அனுபவத்திற்கு அடையாளமாக எண்ணும் அளவுக்கு மக்கள் அதற்குப் பழகிப்போயிருந்தார்கள்.

ஒரு கடைச் சிப்பந்தியின் மூளை

இந்தக் கொடுமைக்கு வழி கண்டவர் பெரிய என்ஜினியர் அல்லர். ஈலை ஜேனி என்பவர் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்தவர். துணிமணி விற்கும் கடையில் வேலை பார்த்தவர். அவர் மரத்தில் செதுக்கிச் செதுக்கி ஒரு மாதிரி செய்தார். 1873ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அவருடைய யோசனையைப் புரிந்துகொள்ள உங்கள் கையே போதும். இப்போதே செய்து பாருங்கள். வலது கை விரல்களை மடக்கிக் கொக்கி போல வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒருவரை நிற்கச் சொல்லி அவரையும் தம் வலது கையை அப்படியே மடக்கச் சொல்லுங்கள். இரண்டு கொக்கிகளையும் கோத்து இழுங்கள். பிரியாது! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால், இரண்டு பேரில் தொடங்கி வகுப்பே ஒரு ரயிலாகிவிடும்.

ஜேனியின் கொக்கியும் இப்படித்தான். மடங்கிய விரல் போன்ற பகுதிக்கு முட்டி என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு கீல் மீது திரும்பும். முட்டி திறந்திருக்கும் நிலையில் பெட்டிகள் மெதுவாக மோதினால், எதிர்க் கொக்கி அதை உள்ளே தள்ளி மூடும். மூடியவுடன், மேலே காத்திருக்கும் ஓர் இரும்புக் கட்டை தன் எடையாலேயே பின்னால் விழுந்து பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு எத்தனை டன் இழுத்தாலும் முட்டி திறக்காது. கழற்ற வேண்டுமானால், பெட்டியின் பக்கவாட்டில் நின்றபடியே ஒரு நெம்புகோலைத் தூக்கினால் போதும். கட்டை எழும்பும், பிடி தளரும்.

பூட்டுவதற்கு ஆள் நடுவில் போக வேண்டாம். இதுதான் இதன் பெருமை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொக்கி என்பதால், எந்தப் பெட்டியை எப்படித் திருப்பி நிறுத்தினாலும் சேரும். நம் கே.டி.எம். சரக்கு ரயில்களின் பெட்டிகளுக்கு நடுவே நீங்கள் பார்ப்பதும் இந்த முட்டி வகைதான்.

சரக்கு ரயில் புறப்படும்போது 'தடக், தடக், தடக்' என்று ஓசை முன்னாலிருந்து பின்னால் ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். கொக்கிகளுக்கு இடையே விட்டிருக்கும் சிறு இடைவெளி இறுகும் ஓசை அது. அதனால் என்ஜின் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் அசைக்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்கிறது. பயணிகள் ரயிலில் இப்படிச் செய்தால் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னும் பின்னும் ஆடிப்போவார்கள். ஆகவே அங்கே இடைவெளி இல்லாமல் இறுகப் பிடிக்கும் கொக்கியைப் பொருத்துகிறார்கள்.

கருவி வந்தது, சட்டம் வர 20 ஆண்டு

1873இல் வழி கிடைத்துவிட்டது. உடனே தொழிலாளர் துன்பம் தீர்ந்ததா? இல்லை! கொக்கியை மாற்றப் பணம் செலவாகும் என்று ரயில் கம்பெனிகள் தயங்கின. ஆளுக்கு ஆள் வெவ்வேறு கொக்கிகளைப் பொருத்தியதால், ஒன்றோடு ஒன்று சேரவுமில்லை.

அயோவா மாநிலத்தைச் சேர்ந்த லொரென்சோ காஃபின் என்ற மனிதர் இதையே தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டு, ஆண்டுக் கணக்கில் ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். அமெரிக்க அதிபர் பெஞ்சமின் ஹாரிசனும் 1889இல் நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய செய்தியில், ரயில்வே தொழிலாளி போர்க்களத்துச் சிப்பாய்க்கு நேரும் அளவு ஆபத்தில் வேலை செய்வது நாகரிகத்திற்கே இழுக்கு என்ற கருத்தைச் சொன்னார். கடைசியில் 1893 மார்ச் 2ஆம் தேதி அவர் கையெழுத்தில் சட்டம் பிறந்தது. தானாகப் பூட்டும் கொக்கி கட்டாயம் என்றது அந்தச் சட்டம். தவணை நீட்டிக்கப்பட்டு 1900இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காப்புரிமை பெற்றதிலிருந்து 27 ஆண்டுகள்! கருவி கையில் இருந்தும் அதை மாட்டாமல் விட்டதால் போன உயிர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒரே நாளில் மாற்றிய நாடு

ஜப்பானின் கதை வேறு. அங்கும் பழைய சங்கிலி, திருகுக் கொக்கிகள் தொழிலாளர்களைப் பலி வாங்கின. பாதிப் பெட்டிகளில் பழையது, பாதியில் புதியது என்று இருந்தால் ரயிலே ஓடாது அல்லவா? ஆகவே அவர்கள் பல ஆண்டுகள் திட்டமிட்டார்கள். புதிய கொக்கிகளை முன்கூட்டியே பெட்டிகளின் அடியில் தொங்கவிட்டு வைத்தார்கள். ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1925ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி சரக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ஹொன்ஷு தீவின் சரக்குப் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே நாளில் புதுக் கொக்கி மாட்டினார்கள். கியூஷு தீவில் 3 நாள் கழித்து ஜூலை 20ஆம் தேதி மாட்டினார்கள்.

மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா? ஐரோப்பாவிலோ, சரக்கு ரயில்களில் பெரும்பாலும் இன்றும் ஆள் இறங்கித்தான் திருகுக் கொக்கி மாட்டுகிறார். இப்போதுதான் அவற்றை மாற்றத் திட்டமிட்டு வருகிறார்கள்.

ஊருக்குப் போய் இந்திய ரயிலில் பயணம் செய்தவர்களும் மாற்றத்தைக் கவனித்திருக்கலாம். சென்னை பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை செய்த பழைய வகைப் பெட்டிகளில் திருகுக் கொக்கியும், இரு பக்கமும் முட்டுத் தாங்கிகளும் இருந்தன. 2018இல் அந்த வகையைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். புதிய எல்.எச்.பி. பெட்டிகளில் நடுவில் ஒரே தானியங்கிக் கொக்கி. இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. விபத்து நேர்ந்தால் பழைய பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். புதிய கொக்கி பெட்டிகளைப் பிடித்துவைத்து, அப்படி ஏறுவதைப் பெரிதும் தடுக்கிறது.

மூச்சும் நரம்பும் சேர்ந்தால்தான் முழு இணைப்பு

கொக்கி தானாகப் பூட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்ததா? முடியவில்லை, அன்பர்களே. ரயிலுக்குப் பிரேக் பிடிப்பது காற்று. முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு காற்றுக்குழாய் ஓடுகிறது. ரயில் எங்காவது அறுந்தால் குழாயும் அறும், காற்று வெளியேறும், இரண்டு பாதிகளிலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் குழாயைப் பெட்டிக்குப் பெட்டி மாட்ட, பல ரயில்களில் இன்றும் ஆள்தான் நடுவில் இறங்க வேண்டியிருக்கிறது. மின்கம்பிகளும் அப்படியே.

இந்த ஆபத்து பழங்கதை அல்ல. 2024 நவம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் பீகார் மாநிலம் பரவுனி நிலையத்தில், என்ஜினைப் பெட்டியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்த ரயில்வே தொழிலாளி ஒருவர், என்ஜின் அசைந்ததால் இடையில் நசுங்கி உயிரிழந்தார். இன்னமும் மனிதன் நடுவில் நிற்கிறான் என்பதை அந்தச் சாவு உலகுக்குச் சொன்னது.

இதற்கும் வழி உண்டு. ஜெர்மானியரான கார்ல் ஷார்ஃபென்பெர்க் 1903இல் காப்புரிமை பெற்ற கொக்கி அது. அதன் முகத்தில் ஒரு கூம்பும் ஒரு குழியும் இருக்கும். இரண்டு ரயில்கள் நெருங்கும்போது, இதன் கூம்பு அதன் குழிக்குள்ளும், அதன் கூம்பு இதன் குழிக்குள்ளும் புகும். உள்ளே இருக்கும் தட்டு சுழன்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதே வேகத்தில் காற்றுக்குழாயின் வாய்களும் சேரும். மின் இணைப்புகளும் சேரும். கையோடு கை, மூச்சோடு மூச்சு, நரம்போடு நரம்பு! ஆள் கீழே இறங்கவே வேண்டாம். உலகமெங்கும் நகர ரயில்கள் பலவற்றில் இந்த வழியைப் பின்பற்றிய கொக்கிகளே இருக்கின்றன.

சிங்கப்பூரின் புது ரயில்கள்

சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை 5 நிலையங்களுடன் தொடங்கியது. இத்தகைய ரயில்களில் உள் பெட்டிகள் எளிதில் பிரியாதபடி நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். பணிமனையில்தான் பிரிப்பார்கள். தானாகப் பூட்டும் கொக்கி ரயிலின் முகத்தில் இருக்கும். மேம்பாலத்து நிலையங்களில் ரயில் வரும்போது அதன் மூக்குக்குக் கீழே பாருங்கள்; தெரியும்.

அது எதற்கு என்றால், ஆபத்துக்கு உதவத்தான். ஒரு ரயில் பழுதாகி நின்றால், இன்னொன்று மெதுவாக வந்து முகத்தோடு முகம் சேர்ந்து பூட்டிக்கொண்டு, அதைத் தள்ளியோ இழுத்தோ கொண்டு போகும். புக்கிட் பாஞ்சாங் சிறு ரயிலில் ஒற்றைப் பெட்டி இரட்டைப் பெட்டியாக ஓடுவதும் இந்த இணைப்பால்தான்.

கொக்கிக்கு மற்றொரு வேலையும் உண்டு. மோதல் நேர்ந்தால் அடியை முதலில் வாங்குவது அதுதான். அதன் பின்னால் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு வைத்திருப்பார்கள். சிங்கப்பூரிலும் மோதல்கள் நடந்திருக்கின்றன. 1993 ஆகஸ்ட் 5ஆம் தேதி, தண்டவாளத்தில் எண்ணெய் சிந்தியிருந்ததால் பிரேக் பிடிக்காமல், கிளமென்டி நிலையத்தில் நின்ற ரயில் மீது மற்றொரு ரயில் மோதியது. 130 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். 2017 நவம்பர் 15ஆம் தேதி ஜூ கூன் நிலையத்தில் நடந்த மோதலில் 30 பேருக்கு மேல் காயம். எவ்வளவு புதிய இயந்திரமானாலும் கவனம் தவறினால் ஆபத்துதான் என்பதை இவை நினைவூட்டுகின்றன.

தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தன் பணியை முடித்துக்கொண்டது. மறுநாள் முதல் மலேசிய ரயில்கள் உட்லண்ட்ஸோடு நின்றன. பழைய பாதை இன்று மக்கள் நடந்து மகிழும் பசுமைப் பாதையாகிவிட்டது.

நம் தோட்டத்திலும் கொக்கி உண்டு

"ரயில் கதை எங்களுக்கு எதற்கு, வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கலாம். நம் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒரு வளையமும் ஒரு முளையும்! ஆலையில் பழத்தை வேகவைக்கத் தண்டவாளத்தில் தள்ளும் இரும்புக் கூண்டுகளுக்கு நடுவே? அங்கும் கொக்கிதான். அமெரிக்காவில் 1893இல் சட்டம் போட்டு ஒழித்த ஆபத்து, நம் வீட்டு வாசலில் இன்னமும் இருக்கிறது.

ஆகவே சில வார்த்தைகள்:

1. டிராக்டர் பின்னால் வரும்போது அதற்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். அது முற்றிலும் நின்று, பிரேக் போட்ட பிறகே முளையைப் போடுங்கள்.

2. டிரெய்லர் உருளாதபடி சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

3. வளையத்தை நேராக்க விரலை நுழைக்காதீர்கள், கம்பியைப் பயன்படுத்துங்கள்.

4. சைகை காட்டுபவர் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கண்ணில் படாவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

5. இழுவைக் கம்பியின் மேல் உட்கார்ந்து போகப் பிள்ளைகளை விடாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1ஆம் தேதி முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பக் காரணம் இருந்து, முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு இப்போது சட்டமே உரிமை தருகிறது. தேய்ந்துபோன முளையையும், வளைந்த கொக்கியையும் மண்டோரிடமும் கிராணியிடமும் எடுத்துச் சொல்லுங்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமானால் சங்கத்தின் மூலம் கேளுங்கள்.

விரல் போன கையை அனுபவத்தின் அடையாளம் என்று சொன்ன காலம் மலையேறட்டும். பத்து விரலோடு வேலைக்குப் போன அப்பா, பத்து விரலோடு வீடு திரும்ப வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பிள்ளைகள் வாசலில் காத்திருக்கிறார்கள்.